கருநாக்கு அக்காவின் மதிப்பீடு

எங்கள் அலுவலகத்தில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் கருநாக்கு அக்கா. அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், அக்கா இரண்டு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு ஒரு கணக்குச் சொல்வாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். பிறகு அந்த வேலை சொல்லிவைத்த மாதிரி அத்தனை நாளை எடுத்துக்கொள்ளும். உடனே, "பாத்தியா, இந்தம்மா வாயை வச்சாங்க, இழுத்துக்கிச்சு" என்று பேச்சு கிளம்பிவிடும். பதினேழு வருடம் ஒருத்தி சரியாகச் சொன்னதற்கு இந்த மகானுபாவர்கள் கொடுத்த பட்டம் அது.

நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. அடுத்தவர்கள் செய்த மென்பொருளில் ஓட்டை தேடுவது என் உத்தியோகம். ஆகையால் எனக்கு யாரைப் பற்றியும் நல்ல அபிப்பிராயம் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அக்காவைப் பற்றி மட்டும் இருந்தது.

அக்கா இங்கே தட்டச்சு செய்ய வந்தவள். கல்லூரிகளுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் இணையவழிக் கற்றல் தளம் அமைத்துக் கொடுப்பதும், பழசாகிப்போன தளத்தைப் புதுப்பித்துக் கொடுப்பதும் எங்கள் நிறுவனத்தின் பிழைப்பு. ஒவ்வொரு திட்டத்துக்கும் மதிப்பீட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள், ஒருநாள் "இதுல போட்டிருக்கிற தேதி எதுவுமே நடக்காதே சார்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வேலையை அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். காலாகாலத்தில் போய்ச் சேர வேண்டும் என்று அவருக்கும் ஆசைதான், சாலைக்குத்தான் ஆசையில்லை. எனவே எல்லாமே சொன்னதைவிடத் தாமதமாகும் என்பது அக்காவுக்கு அலுவலகம் வருமுன்பே தெரிந்திருந்தது.

அவள் கணக்குப் போடும் விதமே தனி. மற்றவர்கள் கூரையைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வார்கள். அக்கா தொலைபேசியை எடுத்து, அந்தக் கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம், "காலையில உள்ளே வந்ததும் முதல்ல எதை அழுத்துவீங்க டீச்சர்?" என்று கேட்பாள். ஒரே பாடக் கோப்பை "இறுதி", "புது இறுதி", "இதுதான் இறுதி", "இதை எடுக்கவும்" என்று ஒன்பது தடவை ஏற்றிவைத்திருப்பவர்கள் யார் யார் என்று அவளுக்குத் தெரியும். "கடவுச்சொல் கேட்டு வாங்க: ஒன்பது நாள்" என்று எழுதுவாள். ஒன்பது நாளா என்று கேட்டால், "அது தெரிஞ்ச ஒரே ஆள் போன வருஷம் சண்டை போட்டுட்டு ஓய்வு வாங்கிட்டாரு. அவரைச் சமாதானப்படுத்த எட்டு நாள். அவர் ஞாபகப்படுத்திக்க ஒரு நாள்" என்பாள். "யாராவது மனசு மாறினா" என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். மாறாமல் இருந்ததாகச் சரித்திரமே இல்லை.

இனி எங்கள் அலுவலகத்தின் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். வேலை செய்கிறவன் உண்மைக் கணக்கை இரண்டால் பெருக்கிச் சொல்வான். மேலாளர் அதை இரண்டால் வகுப்பார். அவன் பெருக்கியிருப்பான் என்று இவருக்குத் தெரியும். இவர் வகுப்பார் என்று அவனுக்குத் தெரியும். இருவரும் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு முக்கால் மணிநேரம் இதை நடிப்பார்கள். ஒரு பொத்தானின் நிறத்தை மாற்ற எட்டு நாள் கேட்டவன் ஒருத்தன் இருந்தான்; நான்கு நாளாக வெட்டிக் கொடுத்தார்கள்; மூன்றரை நாள் தூங்கினான். அவனுக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

அக்கா மட்டும் பெருக்க மாட்டாள். "பொய் சொல்லிட்டு அதை ஞாபகம் வச்சுக்கற தெம்பு எனக்கில்லம்மா" என்பாள். மேலாளரோ பேனாவைத் திறந்ததுமே வகுத்துவிடுவார். ஆக, அவளுடைய உண்மைக் கணக்கு மட்டும் பாதியாக வெளியே போகும். வாக்குக் கொடுத்த நாள் வந்ததும், அரைவேக்காடாக இருக்கும் புதுத் தளத்தை அப்படியே தூக்கி வைத்துவிட்டு, மீதியை வாடிக்கையாளர் கத்தக் கத்தச் சரிசெய்வோம். கத்தல் ஓய்கிற நாளும் அக்கா முதலில் சொன்ன நாளும் ஒன்றாகவே இருக்கும். காகிதத்தின் அடியில் "மதிப்பீடு செய்தவர்" என்று அக்காவின் கையெழுத்து. திட்டு அவளுக்கு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செவிலியர் பயிற்சிக் கல்லூரி வந்தது. பகலில் வேலைக்குப் போகிறவர்கள் கைபேசியில் பாடம் படித்து, மாலையில் மருத்துவமனை வார்டுகளில் பயிற்சி எடுத்து, மூன்று வருடத்தில் தேர்வு எழுதும் கல்லூரி. அவர்களுடைய தளத்துக்குப் பதினோரு வயது. அதைப் புதுப்பிக்க எவ்வளவு காலம், எவ்வளவு செலவு என்று கேட்டிருந்தார்கள்.

அக்கா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மறுபடி முதல் வரிக்குப் போனாள். அவளுடைய தம்பி மனைவி அந்தக் கல்லூரியில்தான் படித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள், பகல் முழுக்கத் துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை. தம்பி என்ன செய்கிறான் என்று கேட்காதீர்கள். அவனும் மூன்று வருடமாகத் தொழில் தொடங்கப் போகிறான். நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒருவரையொருவர் புகழ்ந்து பேசி நான் வேறெங்கும் கேட்டதில்லை. இங்கே கேட்டிருக்கிறேன். "அவ தேறிட்டான்னா அந்தக் குடும்பம் நிமிர்ந்திடும்" என்று அக்கா சொல்வாள். பயிற்சி எடுத்த மருத்துவமனையிலேயே அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தேறிய சான்றிதழ் மட்டும் வர வேண்டும். இறுதித் தேர்வு அன்றிலிருந்து பதின்மூன்றாவது வாரம்.

அக்கா உட்கார்ந்து கணக்குப் போட்டாள். பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு ஒரே தாவாகத் தாவ முடியாது. நடுவில் நான்கு பதிப்புகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். கல்லூரிக்காரர்கள் தாங்களாகவே சேர்த்துக்கொண்ட துணை மென்பொருள்கள் ஏழு. அதில் மூன்றை எழுதியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. கேள்வி வங்கியில் முப்பத்தெட்டாயிரம் கேள்விகள். எல்லாவற்றுக்கும் மேலே, மாணவர்கள் வார்டில் செய்த பயிற்சி நேரம். அது அந்த மூன்று அனாதை மென்பொருள்களில் ஒன்றில்தான் பதிவாகி வந்தது. ஆயிரத்து இருநூறு மணிநேரம் காட்டாதவரைத் தேர்வுக்குள் தளம் விடாது. "பயிற்சி நேரப் பதிவைத் தனியே எடுத்துச் சென்று சரிபார்க்க: மூன்று வாரம்" என்று எழுதி, அதன் கீழே கோடு போட்டாள். எல்லாம் கூட்டினால் இருபத்திரண்டு வாரம்.

"இருபத்திரண்டு நல்ல கணக்குத்தான். பரீட்சை முடிஞ்சப்புறம்தான் மாத்துவோம்" என்றேன்.

"பாதியாக்கினா பதினொன்னு. பதினொன்னாவது வாரம் அரைகுறையாத் தூக்கி வைப்பாங்க. பதிமூணுல பரீட்சை" என்றாள்.

தேர்வுக்கு முன் தளத்தைத் தொடக் கூடாது என்று குறிப்புப் பத்தியில் எழுதினாள். எங்கள் விற்பனைக்காரன் அதைப் பார்த்தான். அவனுக்கு "ஆயிடும்" என்று பெயர். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் அவன் வாயிலிருந்து வரும் முதல் சொல் அது. "குறிப்பையெல்லாம் எடுத்துடுங்க மேடம், படிச்சாங்கன்னா பயந்துடுவாங்க" என்று அவனே அழித்துவிட்டான்.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அக்கா, ஒரே ஒரு தடவை எல்லாரையும் மாதிரி நடந்துக்கோங்க. ரெண்டால பெருக்குங்க. நாப்பத்தி நாலுன்னு சொல்லுங்க. அவர் வகுத்தா இருபத்திரண்டு. யாருக்கு நஷ்டம்?" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "தப்பில்லையா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள். "இந்த ஆபீஸ்ல சரியாச் சொல்றதுதான் தப்பு" என்று நான் பெரிய மேதாவியாகப் பதில் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

அக்கா பெருக்கினாள். கடவுச்சொல்லுக்குப் பதினெட்டு நாள் என்று எழுதும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. காலமும் இரட்டித்தது, ஆள் சம்பளமும் இரட்டித்தது. காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

எங்கள் மேலாளர் அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். அங்கே யாரோ அவருக்கு, உங்கள் ஆட்களை நம்புங்கள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நாற்பது வருடம் வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிக் கொடுக்காததை மூன்று நாளில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். மனிதர் திரும்பி வந்து, யாரை முதலில் நம்புவது என்று அலுவலகம் முழுக்கத் தேடி, அக்காவைத் தேர்ந்தெடுத்தார். அதிலும் ஒரு ரகசியம், யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் நம்புவதுதான் உயர்ந்த நம்பிக்கையாம்.

நாற்பத்து நான்கு அப்படியே, ஒரு வாரம்கூடக் குறையாமல், கல்லூரிக்குப் போனது.

"மேடம், என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று ஆயிடும் மறுநாள் எங்கள் மேசைக்கு ஓடி வந்தான். "கல்லூரிக்காரங்க சிரிக்கிறாங்க. இதுக்குப் புதுசா ஒரு கல்லூரியே கட்டிடலாமேன்னு கேக்கிறாங்க!"

"பாதியாக்கலையா?" என்று அக்கா கேட்டாள்.

"சார் தொடவே இல்லையே!"

அக்கா மேலாளர் அறைக்கு எழுந்து போவதற்குள் கல்லூரி வேறொரு நிறுவனத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டது. அவர்கள் நான்கு வாரம் என்றார்களாம். எங்கள் தொகையில் எட்டில் ஒரு பங்கு. புதிய பதிப்பில் "புதுப்பி" என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் போதும் என்று விளக்கினார்களாம். உண்மைதான், பொத்தான் இருக்கிறது. லிஃப்டிலும்தான் மேலே போகப் பொத்தான் இருக்கிறது, கயிறு இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டாமா?

அக்கா மானத்தைப் பார்க்காமல் கல்லூரி அலுவலருக்குத் தொலைபேசி செய்தாள். "சார், பயிற்சி நேரப் பதிவை மட்டும் தனியா எடுத்து வைக்கச் சொல்லுங்க. அது தானா வராது" என்று கெஞ்சினாள். "வேலை கிடைக்காதவங்க இப்படித்தாம்மா சொல்வாங்க" என்று அவர் வைத்துவிட்டார். தம்பி மனைவியிடம் பேசி, நேரப் பதிவுப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று நான் சொன்னேன். சொன்னாள். அவளும் எடுத்தாள். படத்தையெல்லாம் சான்றாக ஏற்க முடியாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

நான்கே வாரத்தில் புதுத் தளம் வந்துவிட்டது. நீல நிறம், வழவழவென்று இருந்தது. கல்லூரியே கொண்டாடியது. பழைய சர்வரை முப்பது நாள் வைத்திருந்து, மாத வாடகை வீண் என்று அழித்தும் விட்டார்கள். தேர்வு இல்லாத காலத்தில் நேரப் பதிவை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

பதின்மூன்றாவது வாரம், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நானூற்றுப் பன்னிரண்டு பேர் தேர்வைத் திறந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வரி வந்தது: "உங்கள் பயிற்சி நேரம்: 0. தேர்வெழுதத் தகுதியில்லை." தம்பி மனைவி அன்று கடையில் சம்பளமில்லா விடுப்புச் சொல்லிவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பத்து ஐந்துக்கு அக்காவுக்கு அழைப்பு வந்தது. "அண்ணி, மூணு வருஷம் போனது எல்லாம் சைபர்னு காட்டுதே அண்ணி" என்று அழும் குரல் எனக்கே கேட்டது. மூன்று வருடம் படுக்கை விரித்தது, புண் துடைத்தது, கிழவர்களைத் தூக்கி உட்கார வைத்தது எல்லாம் சைபர்.

பொத்தான் நிறுவனம் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திக்கொண்டது. பத்தே நாளில் கல்லூரிக்காரர்கள் எங்களிடம் திரும்பி வந்தார்கள். மேலாளர் அக்காவிடம் மறுபடி கேட்கவே இல்லை. பழைய காகிதத்தை எடுத்து, தேதியை மட்டும் மாற்றி, நாற்பத்து நான்கு வாரம், அதே இரட்டைத் தொகை என்று அனுப்பினார். ஒரு மணிநேரத்தில் சம்மதம் வந்தது. ஆயிடும் மேசை மேல் ஏறி நின்று கைதட்டினான்.

அக்கா நேரே அறைக்குள் போனாள். கதவு திறந்துதான் இருந்தது.

"சார், அந்தக் கணக்கு தப்பு. நான் இரட்டிச்சுப் போட்டேன். இருக்கிற பேப்பர் சீட்டுகளை வச்சு நேரப் பதிவை மறுபடி ஏத்தினாலும் இருபத்திரண்டு வாரத்துல முடிஞ்சிடும்."

மேலாளர் அவளை அன்பாகப் பார்த்தார். "அடடா, அப்பவே இருபத்திரண்டுன்னு சொல்லியிருந்தா அப்படியே அனுப்பியிருப்பேனே! நீங்க என்ன சொன்னாலும் மாத்தக் கூடாதுன்னு முடிவோட இருந்தேன். அவங்களும் இருபத்தஞ்சு வரைக்கும் ஒத்துக்கறதா இருந்தாங்களாம்."

அக்கா மேசை மேலிருந்த காகிதத்தைத் தொட்டுக் காட்டினாள். "இப்பவாவது குறைச்சுச் சொல்லிடலாம் சார்."

"அது எப்படி? கையெழுத்தான பிறகு பாதியாக் குறைச்சா, இவங்க வாயில வந்ததைச் சொல்றவங்கன்னு நினைக்க மாட்டாங்களா? நம்ம பேர் என்னாகும்?" என்றவர், அவளை உற்சாகப்படுத்தும் எண்ணத்தில், "இந்த வருஷத்தோட சிறந்த மதிப்பீடு உங்களோடதுதான். தலைமை அலுவலகத்துக்கு எழுதிட்டேன்" என்றார். அந்த வெள்ளிக்கிழமை எல்லோரையும் நிற்கவைத்து, கண்ணாடிப் பேழையில் வைத்த ஒரு பட்டயத்தையும் கொடுத்தார்கள். பதினேழு வருடம் உண்மை சொன்னவளுக்கு, ஒரே ஒரு பொய்க்கு விருது. நானும் கைதட்டினேன். தட்டாவிட்டால் என்ன செய்வது?

அடுத்த வாரம் கல்லூரி அறிவிப்புப் போட்டது: தளம் சீராக நாற்பத்து நான்கு வாரம் ஆகும், அதன் பிறகே தேர்வு, மாணவர்கள் தங்கள் பயிற்சிச் சீட்டுகளை எங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அந்தச் சீட்டுகளைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. முதல் நாளே தம்பி மனைவி ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். வார்டு மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட சீட்டுகளை மாதவாரியாக அடுக்கி, ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தாள். மூன்று வருடத்தில் ஒன்றுகூடத் தொலையவில்லை. அக்கா அவளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். நான் ஒவ்வொரு சீட்டாகப் பதிந்தேன்.

"ஆஸ்பத்திரியில என்ன சொல்றாங்க?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"ஆறு மாசம் வரைக்கும் இடத்தை வச்சிருக்கோம்னாங்க அண்ணி. ரொம்ப நல்லவங்க."

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். ஆறு மாதம் என்றால் இருபத்தாறு வாரம். அவள் மனதுக்குள் கூட்டுவது எனக்கே தெரிந்தது. காகிதத்தில் என்ன இருந்தாலும் இருபத்திரண்டில் தளம், அடுத்த வாரம் தேர்வு, அதற்கடுத்த வாரம் சான்றிதழ். "அப்படின்னா போதும்மா, தாராளமா..." என்று ஆரம்பித்தாள்.

"எங்க அண்ணி போதும்? முதல்ல நானும் ஆறு மாசத்துல ஆயிடும்னு நம்பிட்டுத்தான் இருந்தேன். அப்புறம் அறிவிப்புல நாப்பத்தி நாலுன்னு பாத்தேன். யார் போட்ட கணக்குன்னு கேட்டேன். நீங்கதான்னு சொன்னாங்க." அவள் அடுத்த கட்டின் ரப்பர் வளையத்தைக் கழற்றினாள். "மத்தவங்க சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். நீங்க ஒரு நாள் முன்னப்பின்னே சொன்னது கிடையாதே. அதான் நேத்தே போய், இவ்வளவு நாள் உங்களைக் காக்க வைக்கக் கூடாது, வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன். உடனே வேற ஒரு பொண்ணுக்கு ஆர்டர் கொடுத்துட்டாங்க. பாவம், அவளுக்கும் கஷ்டம்தான்."

நான் தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், நாலு வார்த்தை திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

"இருபத்திரண்டு வாரம்தாம்மா ஆகும்," என்றாள் அக்கா. "சத்தியமா இருபத்திரண்டுதான்."

தம்பி மனைவி சிரித்துவிட்டாள். அக்காவின் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள்.

"என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க, எனக்குத் தெரியாதா?" என்றாள். "உங்களுக்குப் பொய் சொல்லவே வரல அண்ணி, விட்டுடுங்க." அப்புறம் அடுத்த சீட்டை எடுத்து, தேதி தெரியும்படி என்னிடம் நீட்டினாள்.